மச்சான் பிடிக்கும் கயிறு

பதிவு 1 | அனுப்பியது
மாசி 9, காலை 6:20, சங்குமணல் கரை

நீலமேகம், கடல் உயிரியல். முன்னூறு வருடத்துக்கு மேல் பின்னோக்கி வந்து இறங்கி இரண்டு நாள் ஆகிறது. உடல்நலம் சரி. சேதிக் கலன் செம்மணல் தேரிக்காட்டில் ஒற்றைப் பனைக்குக் கீழே மணலுக்குள் பத்திரமாக இருக்கிறது. அதன் பக்கத்தில் நின்றால்தான் சேதி அனுப்பவும் வாங்கவும் முடியும். அதனால் தினமும் விடிந்ததும் வெளிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இங்கே வருகிறேன்.

வேலை தெரிந்ததுதான். நம் காலத்தில் வெறும் மணலாகக் கிடக்கும் முத்துப்பார், சிப்பி விளையும் கடலடித் திட்டு, இங்கே உயிரோடு இருக்கிறது. இந்தக் கரையை ஆளும் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், இந்த வருடம் முத்துக் குளிக்க அனுமதி கொடுத்திருக்கிறார்கள். நான் கரையில் உட்கார்ந்து சிப்பியின் வயது, கடலின் உப்பு, சூடு எல்லாம் குறிக்க வேண்டும். பார்க்கலாம், தொடக் கூடாது. இவர்கள் தொழிலில் கை வைக்கக் கூடாது, யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வந்தேன், ஞாபகம் இருக்கிறது.

நாகப்பட்டினம் பக்கத்தில் கப்பல் உடைந்து கரை ஒதுங்கியவன், பெயர் சந்தியாகு என்று சொல்லியிருக்கிறேன். நம்பிவிட்டார்கள்.

இதை எப்போதாவது கண்டெடுப்பவருக்காக ஒரு விளக்கம். பதிவுக் கருவி என் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் இருக்கிறது. முணுமுணுத்தால் எழுத்தாகும், பக்கத்தில் பேசுகிறவர்கள் குரலையும் பிடித்துக்கொள்ளும். சித்திரை பிறந்ததும் நம் காலத்து நிலையத்திலிருந்து என்னைத் திரும்ப இழுத்துக்கொள்வார்கள். இழுப்பு தொடங்கினால் பல் கூசும். பத்து மூச்சு விடுவதற்குள் நான் இங்கே இருக்க மாட்டேன். உடுத்தியிருப்பதும் கையில் பிடித்திருப்பதும் என்னோடு வரும். என் எலும்பில் கட்டிய கட்டு அது, நானாக அவிழ்க்க முடியாது.

பதிவு 2 | அனுப்பியது
மாசி 14, காலை 6:35

நிலையத்திலிருந்து வந்த சேதியை அப்படியே பதிகிறேன். அனுப்பியவள் பொற்கொடி. என்னோடு படித்தவள், இப்போது இழுப்புப் பொறியைப் பார்த்துக்கொள்பவள்.

“டேய் மேகம், உன் பதிவப் படிச்சுக் கொட்டாவிதான் வந்துச்சு. ஆறு பாகம் சரித்திர நாவலத் தலைமாட்டுல வச்சுத் தூங்குனவன் நீ. காலம் தாண்டிப் போயி காதலிக்கிறவன் கதைன்னா சோறு தண்ணி இல்லாம படிப்ப. நிஜமாவே போயி இறங்குனதும் உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவுன்னு எழுதுற. ஒரு இளவரசிகூடவா கண்ணுல படல?”

பதில்: இளவரசி இல்லை. ஈ இருக்கிறது. சிப்பியைக் குழியில் போட்டு அழுக விட்டு, பிறகு தொட்டியில் கொட்டிக் கழுவி முத்துப் பொறுக்குகிறார்கள். நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம். எந்த நாவலிலும் இதை எவனும் எழுதியதில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் சோறு கிடையாது என்பதால் என்னையும் தொட்டியில் கழுவ விட்டிருக்கிறார்கள். இது தொழிலில் கை வைப்பதாகுமா என்று சட்டம் பேசாதே, பசிக்கிறது.

தொட்டியை மேற்பார்க்கிறவள் கத்தரீனாள் என்றொரு பெண். முத்தை வாயில் அடக்கிக்கொண்டு போகிறார்களா என்று வேலை முடிந்ததும் ஒவ்வொருவர் வாயையும் திறந்து பார்க்கிறாள். நேற்று என் முறை. கருவி பிடித்தது:

“ஏ வடக்கத்தியாரே, வாயத் தொறங்க. இன்னும் நல்லா. என்னத்த அது எந்நேரமும் முணுமுணுன்னு மெல்லுதிய?”

செபம் என்றேன்.

“செபம் சொல்லுத வாயி இப்படியா நாறும்? ஒரு வேப்பங்குச்சி கெடைக்கலியா ஒங்களுக்கு?”

நாற்பது பேர் சிரித்தார்கள். எனக்குக் காது வரைக்கும் சூடாகிவிட்டது. முனைவர் பட்டம் வாங்கியவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். நீயும் சிரித்துக்கொள்.

பதிவு 3 | அனுப்பாதது
மாசி 18, மாலை 5:10

இது பொற்கொடிக்குப் போகாது.

தினமும் இரண்டு தடவை பல் துலக்குகிறேன். வேலை முடியும் நேரம் எப்போது வரும் என்று காலையிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு அவள் என் வாயைப் பார்க்காமலே “போங்க, போங்க, ஒங்களுக்குத் திருடத் தெரியாது” என்று அனுப்பிவிட்டாள். அதற்குப் போய் வருத்தப்பட்டேன். முப்பத்தாறு வயதுக்கு இது தேவையா? வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் பதிய வேண்டும் போலிருந்தது.

பதிவு 4 | அனுப்பாதது
மாசி 22, பிற்பகல் 3:40

தப்புச் செய்துவிட்டேன். தப்பா என்றும் தெரியவில்லை.

பாரை ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று கத்தரீனாளின் அண்ணன் சூசையிடம் கேட்டிருந்தேன். தோணியில் தண்ணீர் இறைக்க ஆள் வேண்டும் என்று இன்று கூட்டிப் போனான். ஒவ்வொரு குளியாளுக்கும் தோணியின் மேல் ஒருவன் கயிறு பிடிக்கிறான். குளியாள் தன்னை அமிழ்த்தும் கல்லில் கால் வைத்து இறங்குவான், மூச்சு இருக்கும்வரை சிப்பி அள்ளுவான், பிறகு கயிற்றைக் கீழிருந்து சுண்டி இழுப்பான். உடனே மேலே இருப்பவன் தூக்க வேண்டும். அந்த ஆழத்திலிருந்து மூச்சு தீர்ந்தவன் தானாக நீந்தி வருவது கஷ்டம்.

சூசைக்குக் கயிறு பிடிப்பவன் அவன் மனைவியின் தம்பி மானுவேல். காலையிலிருந்தே அவன் முகம் சரியில்லை, குளிர் காய்ச்சல். சூசை கீழே இருக்கும்போது மானுவேல் அப்படியே கண் செருகிச் சாய்ந்தான். கயிறு ஓடியது. மற்றவர்கள் கையில் அவரவர் கயிறு. நான் பாய்ந்து பிடித்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. எப்படி இழுத்தேனோ தெரியாது, சூசை மேலே வந்து மூக்கிலும் வாயிலும் தண்ணீர் கக்கினான். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். பிறகு மானுவேலைப் பார்த்தான். பிறகு என்னிடம் சொன்னான்:

“வாரும் மச்சான்.”

தோணியில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்தில் கயிறு பிடித்த பவுலு என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். அர்த்தம் புரியாமல் நானும் பல்லைக் காட்டினேன்.

பதிவு 5 | அனுப்பியது
மாசி 23, காலை 6:30

நேற்று கரையில் இருந்தேன். நீரின் சூடு வழக்கம்போல். சிறப்பாக எதுவும் இல்லை.

பதிவு 6 | அனுப்பாதது
மாசி 25, பிற்பகல் 3:00

அர்த்தம் இப்போது புரிகிறது.

இந்த ஊரில் குளியாளுக்குக் கயிறு பிடிப்பவன் மச்சானாக மட்டும்தான் இருக்க முடியும். மனைவியின் உடன்பிறந்தவன், இல்லையென்றால் தங்கையைக் கட்டியவன். கூலியாள் கூடாது. ஏன் என்று பவுலு சொன்னார்:

“கூலிக்கு வந்தவன் கயித்த விட்டா கூலியோட போவும். மச்சான் விட்டாம்னா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வீட்டுக்கு வருவான்? பொண்டாட்டி முகத்துல முழிக்கணும்லா. அந்தப் பயத்துலதான்வே கயிறு நிக்கும்.”

சூசையின் அப்பா ஒரு கூலியாளை நம்பி இறங்கினாராம். வரவில்லை. அதிலிருந்து அந்த வீட்டில் இது ரொம்பக் கண்டிப்பு.

ஆக, கயிறு பிடித்தவன் மச்சான். நான் பிடித்துவிட்டேன். வீட்டில் கல்யாணமாகாத தங்கை ஒருத்தி இருக்கிறாள். ஊர் கணக்குப் போட்டு முடித்துவிட்டது. மானுவேல் எழுந்து நடமாட ஒரு மாதம் ஆகும். நேற்றும் இன்றும் நான்தான் பிடித்தேன். சூசை நேராகக் கேட்டான்:

“எனக்குத் தாய் தகப்பன் இல்ல. ஒமக்கும் ஆளில்ல. தங்கச்சிக்குச் சம்மதம். நீரு என்ன சொல்லுதீரு?”

மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். தொட்டிப் பக்கம் அவள் நின்றுகொண்டிருந்தாள், எதையோ கழுவுவது மாதிரி, கையில் ஒன்றும் இல்லாமல். தலையை ஆட்டிவிட்டேன். ஆசையில்தான் ஆட்டினேன், வேறு சாக்குச் சொல்ல மாட்டேன். சித்திரையில் போகப் போகிறவன் மாசியில் தலையை ஆட்டினேன். நாவலில் இந்த இடம் எனக்கு எவ்வளவு பிடிக்கும்!

பதிவு 7 | அனுப்பியது
மாசி 29, காலை 6:25

பொற்கொடியின் சேதி: “தினமும் காலைல கரையில உக்காந்திருந்தேன்னே எழுதுற. மூணு வரிக்கு மேல இல்ல. நல்லாத்தான இருக்க? ஏதாவது மறைக்கிறியா?”

பதில்: நலம். மறைக்க எதுவும் இல்லை. காலை முழுவதும் கரையில் அமர்ந்து குறிப்பு எடுக்கிறேன்.

பதிவு 8 | அனுப்பாதது
பங்குனி 3, ஞாயிறு, பிற்பகல் 2:15

இன்று மாதா கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். சந்தியாகு என்கிறவனுக்கும் கத்தரீனாளுக்கும் கல்யாணம் நிச்சயம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்டார். மூன்று ஞாயிறு இப்படிக் கேட்பார்கள். தடை தெரிந்தவன் முதல் வரிசையில் புது வேட்டி கட்டிக்கொண்டு நின்றான். வாயைத் திறக்கவில்லை.

வெளியே வந்ததும் அவள் பக்கத்தில் நடந்தாள். ஊரே பார்க்கும் தூரத்தில்தான், ஆனாலும் பக்கத்தில். கருவி பிடித்தது, இதை நான் அழிக்க மாட்டேன்:

“ஒண்ணு கேக்கட்டுமா? ஒங்க ஊருல ஒங்களுக்காகக் காத்துக் கெடக்க யாராச்சும் உண்டா?”

யாரும் இல்லை என்றேன். அது உண்மை.

“அப்பம் ஏன் தெனமும் விடிஞ்சதும் அந்தப் பனமரத்துப் பக்கம் போயி நிக்கிய? ரெண்டு நாளு பாத்தேன். ஊரு ஞாபகமா?”

ஆமாம் என்றேன்.

“போகணும்னு தோணிச்சின்னா சொல்லிட்டுப் போங்க. நான் ஒண்ணும் அழுது பிடிச்சுக்கிட மாட்டேன். சொல்லாமப் போயிராதிய. எங்க ஐயா சொல்லாமத்தான் போனாரு.”

போக மாட்டேன் என்று சொன்னேன். எவ்வளவு சுலபமாக வந்தது! அவள் சிரித்தாள், முந்தானையில் முடிந்திருந்த பொரிகடலையை அவிழ்த்து என் கையில் கொட்டினாள். பாதி அவள் கைச்சூட்டில் நமுத்திருந்தது. மொத்தத்தையும் நின்ற இடத்திலேயே தின்றேன். என்னை எனக்கே பிடிக்கவில்லை, அதே நேரம் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

பதிவு 9 | அனுப்பாதது
பங்குனி 8, காலை 6:50

பொற்கொடியின் சேதி: “மேகம், இங்க பொறி மக்கர் பண்ணுது. சித்திரை வரைக்கும் தாங்காது. ஒரே ஒரு இழுப்புக்குத்தான் சக்தி இருக்கு. முன்னாடியே எடுத்துடலாம்னு முடிவு. நீ காலைல கரையில சும்மாதான உக்காந்திருக்க, அந்த நேரமே வச்சுக்கலாம்னு பாக்கிறேன். சரியா? இல்ல வேற நேரம் வேணுமா? உடனே பதில் போடு.”

பதில் போட வேண்டியது ஒரு வரிதான். ‘காலையில் நான் கரையில் இல்லை, கடலில் ஒருவன் உயிரைக் கையில் பிடித்திருக்கிறேன். மாலையில் இழு.’ அவ்வளவுதான்.

அதை எழுதினால் மாசி 22-லிருந்து எழுதியதெல்லாம் பொய் என்று ஆகும். பொற்கொடி என்ன நினைப்பாள்? சக ஆட்கள் சுற்றி நின்று படிப்பார்கள். ‘ஐயா போன வேலை உப்பு அளக்க, பார்த்த வேலை பொண்ணு பார்க்க.’ எனக்கே கேட்கிறது அந்தச் சிரிப்பு. நாளைக்கு நல்லபடியாக வார்த்தை கோத்து அனுப்பலாம் என்று வந்துவிட்டேன்.

பதிவு 10 | அனுப்ப முயன்றது, போகவில்லை
பங்குனி 12, காலை 6:15

பொற்கொடி, காலையில் வேண்டாம். தயவுசெய்து காலையில் வேண்டாம். நான் தோணியில் இருக்கிறேன். கயிறு பிடிக்கிறேன். பொய் எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள். பிற்பகலில் இழு.

மூன்று தடவை அனுப்பினேன். போகவில்லை. கலனின் அனுப்பும் பக்கம் செத்துவிட்டது. வாங்கும் பக்கம் மட்டும் வேலை செய்கிறது. வந்து கிடந்த சேதி:

“உன் பதில் வரவே இல்ல. மௌனம் சம்மதம்னு எடுத்துக்கிறேன். பதிமூணுலேருந்து பதினாறு வரைக்கும், சக்தி சேருற ஏதாவது ஒரு காலைல இழுப்பு. எந்த நாள்னு முன்கூட்டி சொல்ல முடியல. நீ வழக்கம்போல கரையில உக்காந்திரு, போதும். வந்து சேருடா, பிரியாணி வாங்கி வைக்கிறேன்.”

மூன்று நாளாக நல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அப்போது அனுப்பும் பக்கம் உயிரோடு இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இருந்திருக்கும்.

பதிவு 11 | அனுப்பாதது
பங்குனி 13, பிற்பகல் 1:30

காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிட்டேன். சூசை வேறு யாரையும் கயிறு பிடிக்க விடவில்லை. அவன் தோணியில் ஏறாததால் வரும்படியில் பங்குள்ளவர்கள் எல்லாரும் முனகினார்கள். இன்னும் நாலைந்து நாளில் ஒல்லாந்தர் பாரை அடைத்துவிடுவார்கள். அதற்குள் எடுப்பதுதான் வருடம் முழுக்கச் சோறு.

கத்தரீனாள் கஞ்சி கொண்டு வந்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை. கையை எடுக்காமலே தணிந்த குரலில் கேட்டாள்:

“பயமா இருக்கா? இருந்தாச் சொல்லுங்க, அதுல ஒண்ணும் அசிங்கமில்ல. அண்ணன்கிட்ட நான் பேசிக்கிடுதேன். ஊருக்குத் தெரியாது.”

தப்பிக்க ஒரு வாசலைத் திறந்து வைத்துக் கூப்பிட்டாள். ஆமாம், பயம் என்று சொல்லியிருந்தால் போதும். சூசை இந்த வருடம் குளிக்க மாட்டான், கடன் வாங்கிச் சாப்பிடுவார்கள், உயிரோடு இருப்பார்கள். ஆனால் அந்தப் பெண்ணின் முன்னால் பயந்தவன் என்று ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. தலைவலிதான், நாளை சரியாகிவிடும் என்றேன்.

கஞ்சி நன்றாக இருந்தது. சுட்ட கருவாடும் வைத்திருந்தாள்.

பதிவு 12 | அனுப்பாதது
பங்குனி 14, பிற்பகல் 2:50

தோணியில் போனேன். சூசை மூன்றாவது தடவை இறங்கியிருந்தபோது பல் கூசியது. “ஐயோ, பிடிங்க, யாராவது பிடிங்க!” என்று கத்திக்கொண்டே அவனை இழுத்தேன். பவுலு தன் கயிற்றைக் காலில் சுற்றி மிதித்துக்கொண்டு என் கயிற்றில் ஒரு கை போட்டார். சூசை பாதி மூச்சில், வெறும் வலையோடு வந்தான்.

கூச்சம் நின்றுவிட்டது. நான் அங்கேயேதான் இருந்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“என்ன மச்சான், சுறாவா?” என்று சூசை கேட்டான். இல்லை என்றேன். “பின்ன?” நான் கயிற்றைச் சுருட்டினேன். பவுலு என் வேட்டியைப் பார்த்தார். பயத்தில் நனைந்திருந்தது. இதைப் பதிய வேண்டியதில்லைதான். ஆனால் அவர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள்.

அப்புறம் என்ன, சிரிப்புதான். பக்கத்துத் தோணி வரைக்கும் போய்விட்டது. கரை சேரும்வரை “ஐயோ பிடிங்க, ஐயோ பிடிங்க” என்று என் குரலிலேயே கத்திக் காட்டினார்கள். சூசை சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசம். மச்சானைப் பற்றி ஊர் சிரிக்கிறதே என்று அவன் குனிந்துகொண்டிருந்தான். தொட்டிப் பக்கம் போனபோது கத்தரீனாளுக்கும் சேதி எட்டியிருந்தது. அவள் என் வேட்டியைத் துவைக்க வாங்கிக்கொண்டாள்.

ஒன்று மட்டும் யோசிக்கிறேன். கூசியது, ஆனால் இழுக்கவில்லை. அப்படியென்றால் இருந்த ஒரே இழுப்பும் வீணாகிவிட்டது. பொறி எரிந்துபோயிருக்கும். நான் இங்கேயேதான். இதை நினைத்தவுடன் அழுகை வரவில்லை. எழுந்து ஆட வேண்டும் போலிருக்கிறது. நான் சந்தியாகு. ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை.

பதிவு 13 | அனுப்பாதது
பங்குனி 15, காலை 9:40, தோணியில்

பனைக்குப் போகவில்லை. சேதி எதையும் கேட்க மனமில்லை. இனி எதற்கு?

கடல் அமைதி. சூசை காலையில் என் தோளில் கை போட்டு “நேத்து நடந்தத விடும் மச்சான். என் கயிறு ஒம்ம கையிலதான்” என்று எல்லாருக்கும் கேட்கும்படிச் சொன்னான். அவன் அப்படிச் சொன்னதும் யாரும் சிரிக்கவில்லை. இப்போது அவன் இறங்கி

கூசுகிறது.

நேற்று மாதிரிதான். நின்றுவிடும். நேற்றும் இப்படித்தான்

பவுலு பக்கத்தில்தான் இருக்கிறார், கை நீட்டினால் தொடலாம். சொல்லலாமா? திரும்பிப் பார்க்கிறார். சிரிக்கத் தயாராக இருக்கிறார். கொஞ்சம் பொறு. இன்னும் ஒரு மூச்சு பார்த்துவிட்டு. நிச்சயமாகத் தெரிந்த பிறகு கத்தினால்

கயிறு சுண்டி இழுக்கிறது. தூக்கச் சொல்கிறான். தூக்கு, தூக்கு, கை ஏன்

பவுலு அண்

பதிவு 14 | அனுப்பாதது
நிலையம், தனிமை அறை, பிற்பகல் 4:00

கையில் ஒரு சாண் கயிறு இருக்கிறது. நான் பிடித்திருந்த அளவுக்கு மட்டும் வந்திருக்கிறது. இரண்டு முனையும் கத்தியால் நறுக்கியது மாதிரி இருக்கிறது. இன்னும் ஈரம் காயவில்லை.

மீதிக் கயிறு அங்கே தண்ணீருக்குள் போயிருக்கும். பவுலு பாய்ந்து பிடித்திருப்பாரா? அவர் கையில் அவருடைய கயிறு இருந்தது. சூசை தானாக நீந்தி வந்திருப்பானா? வந்திருக்கலாம். வலுவான ஆள். ஆனால் அவன் சுண்டி இழுத்தது மூச்சு தீர்ந்த பிறகு. அந்த இழுப்பு இன்னும் என் தோள்பட்டையில் இருக்கிறது. பத்து மூச்சு எனக்குக் கொடுத்திருந்தார்கள். ‘பிடி’ என்ற ஒரு சொல்லுக்கு அரை மூச்சுகூட வேண்டாம். மறுபடியும் சிரிப்பார்களே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சூசையின் உயிரா, என் மானமா என்று வந்தபோது நான் எதை எடுத்தேன் என்று எனக்குத் தெரியும். இதற்கு மேல் எப்படிச் சொல்வது?

பொற்கொடி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதாள், சிரித்தாள். மூன்று நாளாகத் தூங்கவில்லையாம். கருவி பிடித்தது:

“நேத்து ஒரு தடவ ட்ரை பண்ணேன்டா, பாதியில நின்னுடுச்சு. பயந்துட்டேன். இன்னிக்குக் கண்டிப்பா இழுத்துருவேன்னு விடியறதுக்குள்ள உனக்கு சேதி போட்டேன், பாத்தியா? கரெக்டா நீ கரையில உக்காந்திருக்கிற நேரமா பாத்துதான் இழுத்தேன். பொறி மொத்தமா போச்சு, போனா போகட்டும். உன்னைக் கொண்டாந்துட்டேன்ல!”

பார்த்தேன் என்று தலையை ஆட்டினேன்.

“அது என்னடா கையில கயிறு?”

கரையில் கிடந்தது என்றேன்.

அவளிடம் சொல்ல முடியாது. சொன்னால் இழுத்தது அவள் கை என்று ஆகிவிடும், அவள் தாங்க மாட்டாள். இப்படி எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். நல்ல காரணம்தான். ஆனால் உண்மை அது இல்லை. அவள் முகம் மாறுவதைப் பார்க்க எனக்கு வெட்கம், அவ்வளவுதான்.

நாளை மறுநாள் ஞாயிறு. அங்கே அந்த ஞாயிறு வந்து போய் முன்னூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. தோணி கரைக்கு வரும்போது கத்தரீனாள் தொட்டிப் பக்கத்திலிருந்து எழுந்து எட்டிப் பார்த்திருப்பாள். முதலில் அண்ணனைத் தேடியிருப்பாளா, என்னையா? பவுலு என்ன சொல்லியிருப்பார்? ஆள் கண்ணுக்கு முன்னால் மறைந்தான் என்றா? யார் நம்புவார்கள்? கயிற்றை விட்டுவிட்டுக் கடலில் குதித்து ஓடிவிட்டான் என்றுதான் ஊர் பேசியிருக்கும். பேசட்டும். அதுதான் நடந்தது.

சொல்லிவிட்டுப் போங்க என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

விசாரணைக் குழுவுக்கு இறுதிப் பதிவு வேண்டும் என்று கேட்கிறார்கள். இந்த அனுப்பாத பதிவுகளையும் சேர்த்து அனுப்ப ஒரு விசையை அழுத்தினால் போதும். விரல் அதன் மேல்தான் இருக்கிறது. வெளியே பொற்கொடி பிரியாணிப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டுகிறாள். எல்லாரும் கை தட்டுகிறார்கள்.

பதிவு 15 | அனுப்பியது
நிலையம், பிற்பகல் 4:25

நீலமேகம், கடல் உயிரியல். வந்து சேர்ந்தேன். உடல்நலம் சரி. இழுப்பு வந்தபோது வழக்கம்போல் கரையில் அமர்ந்திருந்தேன். ஊர் மக்கள் தொழிலில் கை வைக்கவில்லை. யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. கையில் எதுவும் இல்லை.